பிள்ளைகள் கையில் போன் இல்லாமல் வாட்ஸ்அப்பில் பாடம்: தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு முழு வழிகாட்டி

“ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம். அது என்ன?”

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த விடுகதையை என் குரலில் பதிவு செய்து 24 வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திங்கட்கிழமைக்குள் 19 பதில் வந்தது. தேன்கூடு என்று சொன்னவர்கள் பாதிப் பேர். மீதிப் பேரில் சிலர் கறையான் புற்று என்றார்கள், சிலர் தூக்கணாங்குருவிக் கூடு என்றார்கள். ஒரு பாட்டி விடையையும் சொல்லி, எதிர்க் கேள்வியாக நான்கு விடுகதை போட்டு, “இதுக்கு உங்க டீச்சர பதில் சொல்லச் சொல்லு” என்று முடித்திருந்தார்.

அன்றைக்குத் தமிழ்ப் பாடவேளை முழுக்க ஒரே வாக்குவாதம். புற்றைக் கட்டியதும் ஆயிரம் தச்சர்தானே? ஆமாம். ஆனால் “ஒருவன் கண்பட்டு உடைந்தது” என்பது புற்றுக்குப் பொருந்துமா? புற்றைப் பார்த்தவுடனே யாராவது உடைப்பார்களா? தேன்கூட்டைப் பார்த்தால்? ஒவ்வொரு சொல்லையும் பிடித்து நின்று பொருள் பார்ப்பது என்றால் என்ன என்று நான் பல மாதம் விளக்கிப் புரியாதது, அந்த நாற்பது நிமிடத்தில் புரிந்துவிட்டது.

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். மொத்தம் 27 பிள்ளைகள். சமூக ஊடகத்தைப் பாடத்துக்குள் கொண்டுவருவது பற்றிக் கேட்கும் சக ஆசிரியர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இதில் சில நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டவை.

முதல் படி: கணக்கு யார் பேரில்?

பிள்ளைகள் பேரில் கிடையாது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றுமே 13 வயதுக்குக் கீழே கணக்கு தொடங்க அனுமதிப்பதில்லை. நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது பத்து. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு யாராவது கணக்கு தொடங்கியிருந்தால், அதை வைத்து நாம் வீட்டுப்பாடம் கொடுப்பது அந்தப் பொய்க்கு நாமே முத்திரை குத்துவது மாதிரி. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து பெரிய சமூக ஊடகங்களுக்கு 16 வயது என்றே ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டில் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

அதனால் கணக்கு இரண்டே இடத்தில்தான் இருக்கும். ஒன்று ஆசிரியரிடம், இன்னொன்று பெற்றோரிடம். பிள்ளை நடுவில் நின்று பேசும், கேட்கும், வரையும், எழுதும். ஆசிரியர் கணக்குக்கென்று தனி சிம் வாங்கிவிடுங்கள். சொந்த நம்பரில் தொடங்கிய என் தோழி ஒருவரின் ஸ்டேட்டஸில் இருந்த கல்யாணப் புடவையைப் பற்றி ஊரே பேசியது.

இரண்டாம் படி: போன் கணக்கெடுப்பு

இதைச் செய்யாமல் தொடங்கிய எல்லோரும் மூன்றாம் வாரமே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். “எல்லார் வீட்டிலும் போன் இருக்கு” என்று நாம் நினைப்பது பாதி உண்மை. ஒரு தாளில் கட்டம் போட்டு, பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். ஸ்மார்ட்போன் யாருடையது? அது வீட்டில் எந்த நேரம் இருக்கும்? தினம் எவ்வளவு டேட்டா? வாட்ஸ்அப் செய்தியை வாசிக்கத் தெரிந்தவர் யார்?

என் வகுப்பில் 24 வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அதில் பதினைந்து, அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்கு மேல்தான் வீடு திரும்பும். நான்கு வீட்டில் பாட்டி தாத்தாவோடுதான் பிள்ளை இருக்கிறது. அவர்களுக்கு எழுத்து வாசிக்க வராது, ஆனால் குரல் பதிவை அழுத்திக் கேட்கத் தெரியும். இந்த இரண்டு தகவலும்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தன. செய்தி குரலில் போக வேண்டும். பதிலுக்குக் குறைந்தது இரண்டு இரவாவது அவகாசம் வேண்டும்.

போன் இல்லாத மூன்று பிள்ளைகள்? அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்கு முன் விடுகதையை வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பதிலைத் திங்கட்கிழமை வாயால் சொல்வார்கள். பதில்களைக் கரும்பலகையில் எழுதும்போது எது போனில் வந்தது, எது வாயால் வந்தது என்று பிரித்துக் காட்டுவதே இல்லை.

மூன்றாம் படி: குரூப்பா, லிஸ்ட்டா?

பெரும்பாலோர் உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. இரண்டாம் வாரம் காலை வணக்கப் பூக்கள், மூன்றாம் வாரம் நிலம் விற்பனைக்கு, நான்காம் வாரம் ஒரு கட்சிப் பாட்டு. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குரூப்பில் உள்ள எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். ஒரு அம்மா என்னிடம் வந்து, யார் என்றே தெரியாத ஒருவர் இரவில் அழைக்கிறார் என்றார். நம்பர் எங்கிருந்து போனது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

இப்போது நான் பயன்படுத்துவது பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரே செய்தி எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும். யாருக்கும் மற்றவர் நம்பர் தெரியாது. பதில் என்னிடம் மட்டுமே வரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், நமக்கு அது தாராளம். ஒரே நிபந்தனை: பெற்றோர் தங்கள் போனில் உங்கள் நம்பரைச் சேமித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி போகாது. “அனுப்பினேன், வரவில்லை என்கிறார்கள்” என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இதைப் பாருங்கள். நான் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொருவர் போனையும் வாங்கி “4, 5 டீச்சர்” என்று நானே சேமித்துக் கொடுத்தேன்.

குரூப்தான் வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னால், அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்ற அமைப்பை முதல் நாளே வைத்துவிடுங்கள். தலைமை ஆசிரியரையும் அட்மின் ஆக்குங்கள். புதியவர் சேர அட்மின் அனுமதி வேண்டும் என்பதையும் போடுங்கள்.

நான்காம் படி: சம்மதம்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசி, தாளில் கையெழுத்து வாங்குங்கள். “சம்மதம்” என்று ஒரே கட்டம் போடாதீர்கள். பிள்ளையின் குரலை வகுப்பில் போட்டுக் காட்டலாமா, வேலையைப் படம் எடுத்து மற்றப் பெற்றோருக்கு அனுப்பலாமா, வேறு பள்ளியோடு வீடியோ அழைப்பில் பிள்ளை தெரியலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். குரலுக்குச் சரி, முகத்துக்கு வேண்டாம் என்று சொன்ன வீடுகள் உண்டு. காரணம் கேட்காதீர்கள். பிரிந்து வாழும் குடும்பம், கடன் தொல்லை, எதுவாகவும் இருக்கலாம். வேண்டாம் என்ற பிள்ளை வீடியோ அழைப்பின்போது கேமராவுக்குப் பின்னால் நின்று நேரம் பார்க்கும், அட்டையைக் காட்டும். ஒதுக்கி வைத்த மாதிரி தெரியாது.

ஐந்தாம் படி: குரலில் தொடங்குங்கள்

முதல் இரண்டு மாதம் குரல் பதிவு மட்டும் போதும். வாரத்துக்கு ஒரே செய்தி. ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஒரே ஒரு கேள்வி.

விடுகதைக்கு அடுத்து நான் செய்தது ஊர்ச் சொல். “நீங்கள் சின்ன வயதில் பயன்படுத்தி, இப்போது பிள்ளைகள் பயன்படுத்தாத ஒரு சொல்லைச் சொல்லுங்கள்” என்று பாட்டி தாத்தாக்களைக் கேட்டோம். மரக்கால், படி, உழக்கு, ஆழாக்கு என்று அளவைச் சொற்களாக வந்து குவிந்தன. தமிழுக்காகக் கேட்டது கணக்குப் பாடமாகிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து பழைய இரும்புப் படியே வந்தது. அதில் எத்தனை தம்ளர் தண்ணீர் பிடிக்கும் என்று முதலில் ஊகித்து எழுதி, பிறகு ஊற்றிப் பார்த்தோம்.

வாசிப்புக்கும் குரல் நல்லது. பாடநூலில் ஒரு பத்தியைப் பிள்ளை வீட்டில் வாசித்துப் பதிவு செய்து அனுப்பட்டும். தப்பாக வாசித்ததை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வார்கள். அதுதான் நமக்கு வேண்டியதே. “டீச்சர், நாலு தடவ பேசிட்டேன், இதுதான் நல்லா வந்துச்சு” என்று சொன்ன பையன் வகுப்பில் வாயே திறக்காதவன். பிள்ளைகளைக் கற்றல் நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ அரசுத் திட்ட வகுப்பில், அரும்பு என்ற தொடக்க நிலையில் உள்ள பிள்ளைக்கு ஒரு வரி, மலர் என்ற மேல் நிலையில் உள்ள பிள்ளைக்கு ஒரு பத்தி என்று பிரித்துக் கொடுக்கலாம். தனித்தனியாக வருவதால் யார் எதை வாசித்தார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

ஆறாம் படி: முகத்தை விட்டுவிட்டு வேலையைப் படம் எடுங்கள்

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். குரூப் இருந்த காலத்தில், “கையெழுத்து எவ்வளவு முன்னேறியிருக்கிறது பாருங்கள்” என்று ஒரு மாணவியின் ஜூன் மாத நோட்டையும் செப்டம்பர் மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டேன். பாராட்டத்தான் போட்டேன். ஆனால் ஜூன் மாதக் கோணல் எழுத்தை ஊரே பார்த்தது. மறுநாள் அவள் வரவில்லை. அவள் அம்மாதான் வந்தார். சண்டை போடவில்லை. “பழசக் காட்டாம இருந்திருக்கலாம் டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வைத்துக்கொண்ட விதி: அனுப்பும் படத்தில் முகம் இருக்காது, பேர் இருக்காது, மதிப்பெண் இருக்காது, சிவப்பு மை இருக்காது. எல்லோரும் சேர்ந்து செய்த சுவர்ப்படம், களிமண் பொம்மை, கோலத்தில் கண்டுபிடித்த சமச்சீர், இப்படி. ஒரு பிள்ளையின் வேலையை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

ஏழாம் படி: ஊரையே அளக்கச் சொல்லுங்கள்

பல வீடுகளில் ஒரே நேரத்தில் ஒரே வேலை நடந்து, முடிவுகள் ஓரிடத்தில் சேரும் வசதி வேறு எதிலும் கிடையாது. அதற்கு ஏற்ற பாடம் மழை.

நேர்ச் சுவர் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சுழியம் என்று கோடு போடுங்கள். பக்கத்தில் அளவுகோலை ஒட்டுங்கள். மரத்தடியிலும் ஓட்டுச் சாரலிலும் வைக்கக் கூடாது. வானிலை ஆய்வு மையம் 24 மணி நேர மழையைக் காலை 8.30-க்கு அளக்கிறது, நாமும் அதே நேரத்தில் அளப்போம். எண்ணைப் போனில் அனுப்பலாம், சீட்டில் எழுதியும் கொண்டுவரலாம்.

ஐப்பசியில் ஒரு நாள் பள்ளிக்குப் பக்கத்தில் 42 மில்லிமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காலனியில் 11. “அவன் தப்பா அளந்திருக்கான் டீச்சர்” என்று ஒரே கூச்சல். பையன் அழாத குறை. மறுநாள் செய்தித்தாளில் வந்த ஊர்வாரி மழை அளவைக் காட்டினேன். பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே அவ்வளவு வித்தியாசம். அப்புறம்தான் அடங்கினார்கள். நவம்பர் முடிவில் எங்களிடம் ஒரு பட்டை வரைபடம் இருந்தது, சுவர் நீளத்துக்கு.

தக்காளி விலையையும் இதே மாதிரி ஒரே நாளில் எல்லா வீட்டிலிருந்தும் கேட்கலாம். சந்தையில் ஒன்று, மளிகைக் கடையில் ஒன்று, வண்டியில் வருபவரிடம் ஒன்று.

எட்டாம் படி: யூடியூபைக் காட்டுவதற்கு முன்

நண்டு எப்படித் தன் மேலோட்டை மாற்றிக்கொள்கிறது என்று காட்ட, வகுப்பிலேயே “நண்டு” என்று தேடினேன். திரை முழுக்க நண்டு வறுவல், நண்டு மசாலா, நண்டு பிரியாணி. அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

வகுப்பில் தேடவே தேடாதீர்கள். முந்தின நாள் முழுதாகப் பார்த்து, முடிந்தால் யூடியூப் செயலியிலேயே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தானாக அடுத்த வீடியோவுக்குப் போகும் வசதியை அணைத்து வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள், முக்கியமான இடத்தில் நிறுத்தி, “இப்ப என்ன ஆகும்?” என்று சிலேட்டில் எழுதச் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பாடநூலிலேயே கியூஆர் குறியீடுகள் இருக்கின்றன, பள்ளிக் கல்வித் துறையின் பாட வீடியோக்கள் உள்ள மணற்கேணி செயலியும் இருக்கிறது. அங்கே கிடைப்பதை முதலில் பாருங்கள்.

நீங்களே வீடியோ போடுவதாக இருந்தால், லிங்க் வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி ‘அன்லிஸ்டட்’ என்று போடுங்கள். ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்தால் கருத்துப் பகுதி தானாக மூடிக்கொள்ளும். ஆனால் லிங்க் யாரிடமும் போகலாம் என்பதால், பிள்ளைகள் முகம் அதிலும் வேண்டாம். கைகள் மட்டும் தெரியட்டும். சோதனை செய்து காட்டக் கை போதுமே.

ஒன்பதாம் படி: இன்னொரு வகுப்போடு ஒரு விளையாட்டு

ஸ்கைப் என்ற வீடியோ அழைப்புச் செயலி இருந்த காலத்தில் வெளிநாட்டுப் பள்ளிகளில் பரவிய விளையாட்டு இது. ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள், விளையாட்டு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலும் நன்றாகவே நடக்கிறது. வேறு மாவட்டத்தில் வேலை பார்க்கும் தெரிந்த ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். இரண்டு வகுப்பும் தங்கள் மாவட்டத்தைச் சொல்லக் கூடாது. ஆமாம், இல்லை என்று மட்டுமே பதில் வரும் கேள்விகளைக் கேட்டு மற்றவர் மாவட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வரைபடத்தைப் பெரிதாக ஒட்டி, 38 மாவட்டத்துக்கும் 38 தாள் துண்டு வையுங்கள். முதலில் பிள்ளைகள் “நீங்க மதுரையா?” என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று வந்தால் ஒரு துண்டுதான் போகும். “உங்க மாவட்டத்துல கடல் இருக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது. கடலோர மாவட்டங்கள் 14-ம் ஒரே அடியில் போய்விட்டன. 24 மிச்சம். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. எந்தக் கேள்வி அதிகத் துண்டுகளை எடுக்கும் என்று அதற்குப் பிறகு அவர்களே கூடிப் பேசத் தொடங்கினார்கள். “வேற மாநிலத்தைத் தொடுமா?”, “காவிரி ஓடுமா?”, “இப்ப அங்க ஸ்வெட்டர் போட்டிருக்கீங்களா?” நீலகிரி என்று சொன்னபோது பதினெட்டாவது நிமிடம்.

முந்தின நாள் ஒரு முறை அழைத்துச் சோதித்துப் பாருங்கள். படம் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், சத்தம் கேட்காவிட்டால் எல்லாம் வீண். ஒரு ஸ்பீக்கர் கட்டாயம்.

பத்தாம் படி: “நாளை லீவு” பாடம்

ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். போனே தேவையில்லை.

மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை என்று பொய்ச் செய்தி சுற்றுவது நமக்குத் தெரிந்ததுதான். பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான செய்தி உலகத்தில் கிடையாது. ஐந்து விடுமுறைச் செய்திகளைத் தாளில் நீங்களே எழுதுங்கள். ஒன்றில் தேதி போன வருடத்துடையது. ஒன்றில் மாவட்டம் வேறு. ஒன்றில் தேதியே இல்லை, “நாளை” என்று மட்டும் இருக்கும். ஒன்றில் அறிவித்தவர் யார் என்றே இருக்காது. ஒன்று மட்டும் எல்லாம் சரியாக உள்ளது. குழுவுக்கு ஒரு கட்டு கொடுத்து, “எதை நம்பி நாளைக்கு வீட்டில் இருக்கலாம்?” என்று கேளுங்கள்.

யார் சொன்னது, எந்த மாவட்டத்துக்கு, எந்தத் தேதிக்கு, வேறு எங்கே பார்க்கலாம் என்று நான்கு கேள்விகளும் பிள்ளைகள் வாயிலிருந்தே வரும். மாவட்ட ஆட்சியர்தான் விடுமுறை அறிவிப்பார் என்பதைச் சமூக அறிவியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாவது தாள் எல்லாம் சரியாக இருந்தும் உண்மைதானா என்று ஒரு பையன் கேட்டான். “சரியா எழுதி இருந்தா மட்டும் போதுமா டீச்சர், யாரு வேணா சரியா எழுதலாமே?” நான் எதிர்பார்க்காத கேள்வி. அதனால்தான் தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது என்று முடித்தோம்.

அடுத்த வகுப்பில் அம்புக்குறியைக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் ஒற்றை அம்பு என்றால் ஒருவரிடமிருந்து வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். இரட்டை அம்பு என்றால் பல கை மாறி வந்தது. காப்பி செய்து ஒட்டினால் அம்பே வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இந்த அம்பு எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், ஆசிரியர் தெரிந்துகொள்ளலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஊரார் அடித்துக் கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் பின்னணி. நாடெங்கும் இப்படி நடந்த பிறகு, அந்த ஜூலையில்தான் ஃபார்வர்ட் என்ற குறியும், இந்தியாவில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஒரே தடவையில் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்ற கட்டுப்பாடும் வந்தன.

பதினோராம் படி: சிக்கல் வந்தால்

இரவு எட்டுக்கு மேல் பதில் அனுப்ப மாட்டேன் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், அதைக் கடைப்பிடியுங்கள். பிள்ளைக்கு யாராவது தவறான செய்தியோ படமோ அனுப்பியதாகத் தெரிந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள், அது சாட்சி. அதற்காக அந்தப் படத்தை உங்கள் போனுக்கு வாங்கிக்கொள்ளவும் கூடாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது. தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பண மோசடி, இணையக் குற்றம் என்றால் 1930. இரண்டையும் வகுப்புச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசிப் படி: ஏப்ரலில் அழித்துவிடுங்கள்

கடைசி வேலை நாளில் குரல் பதிவுகளை அந்தந்த வீட்டிடம் வேண்டுமா என்று கேட்டு, போனிலிருந்து அழித்துவிடுவேன். பாட்டிகள் சொன்ன விடுகதைகளையும் ஊர்ச் சொற்களையும் மட்டும் பிள்ளைகள் நோட்டில் எழுதித் தைத்து, வகுப்பு நூலகத்தில் வைத்துவிடுவோம். லிஸ்ட்டையும் நீக்கிவிடுவேன்.

போன வருடம் அப்படி நீக்கிய அடுத்த வெள்ளிக்கிழமை, இரவு ஏழே காலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அந்த நான்கு விடுகதைப் பாட்டிதான்.

“டீச்சரம்மா, இந்த வாரம் ஒண்ணும் வரலியே?”